மருமகளுக்கு ஐந்தாம் மாதம்: ஆயுர்வேத மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் மருமகளுக்கு வயது 26, தலைப் பிரசவம், இப்போது ஐந்தாம் மாதம். தமிழ்நாட்டுக்குப் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர் 'கர்ப்பபால ரஸ்' என்ற மாத்திரையும் குங்குமப்பூவும் வாங்கி வந்து கொடுத்தார். ஆயுர்வேத மருந்துதானே, கெடுதல் இல்லை என்று இரண்டு வாரமாகக் கொடுத்து வருகிறேன். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) இதைக் கேட்டதும் நாட்டு மருந்து எதுவுமே கொடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டார். எங்கள் காலத்தில் ஒன்பதாம் மாதம் விளக்கெண்ணெய்கூடக் கொடுப்பார்கள். எனக்கு நான்கும் சுகப் பிரசவம்தான். மருமகள் இப்போதெல்லாம் பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு நான் என்னதான் கொடுக்கலாம்?

- ஒரு மாமியார், பேராக், மலேசியா

பதில்:

அம்மா, அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். ஆனால் புட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது தேவைப்படும்.

நான் ஆயுர்வேதம் படித்து, அதையே தொழிலாகச் செய்பவள். அப்படியிருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பபால ரஸ் வெறும் மூலிகை மாத்திரை அல்ல. அதன் செய்முறையில் ஹிங்குளம், நாக பஸ்பம், வங்க பஸ்பம் ஆகியவை சேர்கின்றன. ஹிங்குளம் என்பது சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் கலந்த கனிமம். வங்கம் இங்கே வெள்ளீயம். நாகம் என்றதும் நம்மில் பலர் துத்தநாகம் என்று எடுத்துக்கொள்வோம். வடமொழி ஆயுர்வேத நூல்களில் நாகம் என்றால் காரீயம். புட்டியின் லேபிளில் இந்தப் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். மகனிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரீயம் தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். வளர்கிற மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கிடையாது. தாயின் எலும்பில் போய்த் தங்கிக்கொண்டு, பிறகு பால் கொடுக்கும் காலத்திலும் மெதுவாக வெளியே வரும். 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளுக்கு இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். விசாரித்தபோது ஆறு பேருமே இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரை சாப்பிட்டவர்கள் என்று தெரிந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. அவர்களுக்கும் அந்த மாத்திரைகளை யாரோ நல்ல மனதோடுதான் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், உங்கள் சொந்தக்காரரைப் போல.

இரண்டு வாரம் கொடுத்துவிட்டோமே என்று நீங்கள் அழ வேண்டாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், இந்த வாரமே மருமகளோடு புட்டியையும், கிளினிக்கில் கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். டாக்டரிடம் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈயம், பாதரசம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சுங்கை சிப்புட்டில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லையென்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். உங்கள்மேல் சத்தம் போட்ட மிஸ்ஸி இந்த விஷயத்தில் சொன்னது சரி. கோபத்தில் சொன்னாலும் உங்கள் பேரப்பிள்ளைக்காகத்தான் சொன்னார்.

புட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, டி (T) என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலேசியாவில் விற்க அனுமதி பெற்ற பாரம்பரிய மருந்துகளுக்கு அந்த எண்ணும், மினுமினுக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து விமானத்தில் வந்த மருந்துக்கு அது இருக்காது. எண் இருந்தாலும்கூட அது கர்ப்பிணிக்கு ஏற்றது என்று அர்த்தமாகாது. பொதுவாக விற்பதற்கு அனுமதி உண்டு என்பது மட்டும்தான்.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். "என்னதான் கொடுக்கலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவுமே கொடுக்காதே என்று சொன்னால் ஒரு மாமியாரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? ஆயுர்வேதத்தில் கர்ப்பிணிப் பராமரிப்பின் பெரும் பகுதி சமையலறையில்தான் நடக்கிறது. சரகர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் சாரீர ஸ்தானம் என்ற பகுதியின் எட்டாம் அத்தியாயத்தில் மாதா மாதம் என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முதல் மாதம் மருந்து எதுவும் சேர்க்காத வெறும் பால். மூன்றாம் மாதம் பாலில் தேனும் நெய்யும். நான்காம் மாதம் பாலிலிருந்து எடுத்த வெண்ணெய், ஓர் அட்ச அளவு, அதாவது ஏறக்குறைய 12 கிராம். ஐந்தாம் மாதம் நெய். எட்டாம் மாதம் பாலும் நெய்யும் சேர்த்த கஞ்சி. அந்த வரிசை முழுக்க இருப்பது பால், வெண்ணெய், நெய், கஞ்சி, அவற்றோடு சில இனிப்புச் சுவை மூலிகைகள், கடைசி மாதத்தில் எண்ணெய். பாதரசமும் ஈயமும் அதில் கிடையாது. உலோக மருந்துகள் பெருகியது பிற்காலத்தில் வளர்ந்த ரச சாஸ்திரத்தில்.

அதே அத்தியாயத்தில், கர்ப்பிணிக்கு நோய் வந்தால் மென்மையான, இனிமையான, குளிர்ச்சியான, சுகமான மருந்தும் உணவும்தான் தர வேண்டும் என்கிறார் சரகர். வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, இரத்தம் எடுப்பது எல்லாம் உயிருக்கு அவசரம் என்றால் தவிர கூடாது. விளிம்பு வரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவர் எப்படித் தளும்பாமல் போவாரோ, கர்ப்பிணியை அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே ஓர் உவமை வருகிறது. ஆயுர்வேதம் சொல்லும் கர்ப்பிணிப் பராமரிப்பு எல்லாமே அந்த ஒரு வரிக்குள் அடங்கும் என்பது என் எண்ணம்.

அந்த வரியைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேடு பள்ளமான வழியில் குலுங்கும் வண்டியில் போகக் கூடாது என்று நூல் சொல்கிறது. உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் மகன் அவளை மோட்டாரில் உட்கார வைத்துக்கொண்டு போனால் அதுவும் அதேதான். மழை பெய்து லாரித் தடம் பள்ளமாகிக் கிடக்கும் நாட்களில் கட்டாயம் வேண்டாம். பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாரம் தூக்குவது, ரொம்ப நேரம் குந்தி உட்காருவது, சிறுநீர், மலத்தை அடக்குவது, பட்டினி கிடப்பது எல்லாம் நூலின் விலக்குப் பட்டியலில் உண்டு. மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் வேலையோ, மருந்து கலக்கும் வேலையோ என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாராவது மருந்து அடித்துவிட்டு வந்தால் அந்தத் துணியை அவள் கையால் துவைக்க விடாதீர்கள்.

மல்லாந்து படுத்தே இருந்தால் கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று சரகர் எழுதினார். அந்தக் காரணம் சரியல்ல, கொடி அதனால் சுற்றுவதில்லை. ஆனால் மல்லாந்து படுக்காதே என்ற பேச்சு சரிதான். கடைசி மூன்று மாதங்களில் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும், பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும் என்பதால் இன்றைய மருத்துவமும் ஒருக்களித்துத் தூங்கச் சொல்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக் கொடுங்கள்.

இப்போது பச்சரிசி. இதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்கு இரண்டு இதயம், அவள் கேட்பது பிள்ளை கேட்பது, அதனால் மசக்கை ஆசையை மறுக்கக் கூடாது என்பது சுசுருதர் என்ற இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசான் காலத்திலிருந்து வருகிற வழக்கம். மாங்காய் கேட்டால் கொடுங்கள், புளிப்புப் பழக் கலவையான ரோஜாக் கேட்டால் சுத்தமான கடையாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். ஆனால் பச்சரிசி, மண், சாம்பல், ஐஸ் கட்டி இப்படி விடாமல் தின்னும் ஆசை பல சமயம் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். பிங்க் புத்தகத்தை எடுத்து எச்.பி. (ஹீமோகுளோபின்) என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. பச்சரிசி விஷயத்தை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை அவள் உண்மையாகவே சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள். அது வயிற்றைப் பிடிக்கும், மலம் கறுப்பாகப் போகும் என்று பல பேர் ஒளித்து வைத்துவிடுவார்கள். மலம் கறுப்பது இயல்புதான், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்கு உலர்ந்த திராட்சையை இரவில் ஊறப் போட்டுக் காலையில் தண்ணீரோடு சாப்பிடச் சொல்லுங்கள். இதில் மாமியார்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. பாலும் தேநீரும் இரும்பை உடம்பில் சேர விடாது. நூலில் சொன்னபடி பால் கொடுக்கிறேன் என்று அந்த மாத்திரையைப் பாலோடு கொடுத்தால் பாதிப் பயன்கூட இருக்காது. மாத்திரையைத் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ வைத்துக் கொடுங்கள். பால் குடிக்க இரண்டு மணி நேரம் போகட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். முருங்கைக் கீரை, நெத்திலி, மீன், ஈரலைத் தவிர்த்த மற்ற இறைச்சி, கூடவே ஒரு துண்டு கொய்யா, அது போதும். (ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்ப காலத்தில் அளவு மீறினால் பிள்ளைக்கு நல்லதல்ல.)

பால் என்றால் பசும்பால். டின் பால் அல்ல. தே தாரிக் தேநீரில் ஊற்றும் அந்த இனிப்புக் கிரீமரில் பாலைவிடச் சர்க்கரையும் எண்ணெயும்தான் அதிகம். பால்காரர் கொண்டுவரும் பாலானால் நன்றாகப் பொங்க விட்டுக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். ஐந்தாம் மாத நெய்யை ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி, சூடான சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். நூல் எழுதப்பட்ட காலத்துப் பெண் வேறு, அவள் உழைப்பு வேறு. மலேசியாவில் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். 24-லிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இரத்தம் எடுக்கும் சோதனை உண்டு. உங்கள் மருமகளுக்கு அது பக்கத்தில் வந்துவிட்டது. வெறும் வயிற்றோடு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவள் சலித்துக்கொண்டாலும் கட்டாயம் அனுப்பி வையுங்கள். சர்க்கரை இருக்கிறது என்று வந்தால் தேன், வெல்லம், பொரி உருண்டை, பால் பாயசம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கும். நெய்யைப் பற்றி உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நெஞ்செரிச்சல், குமட்டல் இன்னும் இருந்தால் கஞ்சிதான் எனக்குப் பிடித்த மருந்து. நெற்பொரி ஒரு கைப்பிடி எடுத்து, உமி ஒட்டியிருந்தால் நீக்கி, இரண்டு தம்ளர் தண்ணீரில் போட்டுக் குழையும் வரை வேக விடுங்கள். தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு, உப்பு ஒரு சிட்டிகை. இஞ்சியின் காரம் இறங்கியதும் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் திரும்பி வந்துவிடும். கடையில் நெற்பொரி கிடைக்காவிட்டால் அரிசி நொய்யில் செய்யுங்கள். கொத்தமல்லி விதையை இடித்து ஊற வைத்த தண்ணீரும் குமட்டலுக்குப் பழைய வைத்தியம்தான்.

ஆறாம் மாதத்துக்கு நெருஞ்சில் சேர்த்த நெய்யையோ கஞ்சியையோ சுசுருதர் சொல்கிறார். கால் வீங்கினால் நெருஞ்சில் கஷாயம் கொடுப்பது நம்மவர்களிடமும் பழக்கம். இதில் அவசரப்படாதீர்கள். சாயங்காலம் கணுக்கால் வீங்குவது சாதாரணம். ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கினால் அது இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். நெருஞ்சில் சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தைக் குறைத்துவிடும், அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் பிரஷர் பாருங்கள், சிறுநீரில் புரதம் இருக்கிறதா பாருங்கள். இனிப்பு மூலிகைகளிலும் இதே பேச்சுதான். அந்த வரிசையில் அதிமதுரம் பேர் பெற்றது. அது இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு நான் எழுதிக் கொடுப்பதே இல்லை. அமுக்கரா லேகியம், கற்றாழைச் சாறு இரண்டும் வேண்டாம். மலாய் அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுக்கும் மூலிகைகளான காச்சிப் பாத்திமா, செலுசோ வேரும் வேண்டாம். சீரகம், மிளகு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் சாம்பார், ரசத்தில் போடும் அளவுக்குத் தாராளமாகப் போடலாம்.

குங்குமப்பூவுக்கு வருகிறேன். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்றுதானே வாங்கி வந்திருப்பார்கள்? நிறம் பெற்றோரின் மரபணுவில் இருந்து வருவது. பாலில் போடும் எதுவும் அதை மாற்றாது. இரண்டு மூன்று இழை வாசனைக்குப் போட்டால் தவறில்லை, கிராம் கணக்கில் போட்டால் கருப்பையைச் சுருங்க வைத்துவிடும். இதற்கும் சரகத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது அம்மா. எட்டாம் மாதம் பால் கஞ்சி கொடுக்கலாம் என்றதும், பத்ரகாப்பியர் என்ற முனிவர் வேண்டாம் என்று தடுக்கிறார். பிள்ளையின் கண் பழுப்பாகிவிடும் என்பது அவர் வாதம். அந்த நூலின் ஆசானான ஆத்ரேயர் அதற்கு, ஆனால் ஆகட்டும், அதற்காகக் கஞ்சியை நிறுத்தக் கூடாது, தாய் நோயில்லாமல் இருந்து நல்ல பிள்ளையைப் பெறுவாள் என்று பதில் சொல்கிறார். கறுப்போ சிவப்போ, உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளையின் நிறத்தைப் பற்றி மருமகள் காதுபட யாரையும் பேச விடாதீர்கள். கர்ப்பிணியின் மனம் நோகக் கூடாது என்பது ஆயுர்வேத நூல்களிலும் உண்டு.

உங்களுக்கு நான்கும் சுகமாகப் பிறந்தது கடவுள் புண்ணியம். அது விளக்கெண்ணெயால் அல்ல. பேதிக்குக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் மேலே பார்த்தோமே. விளக்கெண்ணெய் குடித்தால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து உடம்பில் நீர் வற்றும், குடலோடு கருப்பையும் சேர்ந்து முறுக்கும். நேரம் வராத பிள்ளைக்கு அது ஆபத்து. ஒன்பதாம் மாதம் மருந்தெண்ணெய் வஸ்தி (ஆசனவாய் வழியாக எண்ணெய் செலுத்துவது) கொடுப்பதும், பிறப்புறுப்பில் எண்ணெயில் நனைத்த பஞ்சு வைப்பதும் நூலில் உண்டுதான். அதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. கிருமி ஏறினாலோ, பனிக்குடம் முன்னமே உடைந்திருந்தாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றை நீவி, தலை திருப்பிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எண்ணெய் தேய்க்க ஆசையென்றால் நீங்களே இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் எடுத்து அவள் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் மெதுவாகத் தடவி விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டாலே வலித்தால் தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

பிள்ளை பிறந்ததும் நாக்கில் தேனும் நெய்யும் தொட்டு வைப்பது பழைய நூல்களில் இருக்கிறது, நம் வீடுகளில் சேனை வைப்பதாகத் தொடர்கிறது. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. தேனில் இருக்கும் ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். முதலில் தொட்டு வைப்பது தாயின் சீம்பாலாக இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிந்திய பத்தியம் பற்றித் தனியாக எழுதிக் கேளுங்கள், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

பிங்க் புத்தகத்தின் அட்டையில் என்ன நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். மஞ்சளோ சிவப்போ என்றால் செக்கப் நாளைத் தள்ளிப் போடவே கூடாது. 28 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் அசைவை எண்ணி எழுத அட்டை கொடுப்பார்கள். காலையில் எண்ணத் தொடங்கி 12 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றாலும், வழக்கத்தைவிடத் துள்ளல் குறைந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றினாலும் அன்றைக்கே போக வேண்டும். தீராத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக் குழிக்குக் கீழே வலி, இரத்தமோ நீரோ போவது, காய்ச்சல் இவற்றுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நேரம் போக்காதீர்கள். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். ராத்திரி வண்டி யாருடையது, அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார், கேட் சாவி எந்த ஜாகாவிடம் (காவலாளியிடம்) இருக்கிறது என்று மகனை இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள். எண்களை எழுதி 999-ஐயும் சேர்த்து, அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.